யானைக்கால் மோட்டாரின் பின்டயர்

மச்சான் மாணிக்கம், நலமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். கேட்காமல் கடிதம் தொடங்க எனக்குத் தெரியாது. ஆகவே கேட்டுவிட்டேன், நலமா?

உன் மோட்டார் சைக்கிளின் பின்டயரைப் போன சனிக்கிழமை கழற்றிவிட்டோம். கழற்றினோம் என்று சொல்வதுகூடச் சரியில்லை, அறுத்தோம். உன் மனைவி பவானி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வருசமாக அந்த டயரை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான். ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று உனக்கே தெரியாது. நீ போன அன்று என்ன நடந்தது என்று அவளிடம் நான் சொன்னதில் பாதி பொய். நீ கூடவே இருந்தும், உனக்கும் தெரியாத ஒன்று அதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எழுதி என் அறையில் உன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டிருக்கலாம். அப்படி வைத்தால் அது இன்னொரு மறைப்பாகிப் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான், அதுவும் உன் வீட்டுச் சோற்றில். அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். ஈப்போவில் இந்தப் புந்தோங் வட்டாரத்தில் எல்லாருக்கும் நம் இரண்டு பேரையும் தெரியும், கடைசியில் இதுவும் தெரியட்டும்.

ஊர்ச் சேதி கேட்பாய். சுங்கை சிப்புட்டுக்கு அந்தப் பக்கம் நாம் பால் வெட்டின தோட்டத்தில் இப்போது ஒரு ரப்பர் மரம் இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. நாம் குடியிருந்த லயங்களை இடித்து வருசம் இரண்டாயிற்று. நான் இன்னும் அதே சிமெண்டு லாரியில்தான் ஏறி இறங்குகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நீ இருந்தால் பெண் பார்த்தே தீர்த்திருப்பாய், தப்பித்தேன். உன் மகள் மீனா ஐந்தாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி, வாயில் உன்னைவிடக் கெட்டிக்காரி. பவானி மின்சாரச் சாமான் செய்யும் ஃபேக்டரியில் மூன்று வருசமாக வேலை செய்கிறாள். அங்கே ஆள் ஏற்றும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்துதான் இந்தக் கதை மறுபடி ஆரம்பித்தது.

அதற்கு முன்னால், நம் மோட்டார் கதையை ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களுக்கும் வேண்டும், எனக்கும் வேண்டும்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஈப்போவுக்கு வந்தோம். நான் லாரிக்குப் போனேன். நீ மர ஃபேக்டரிக்குப் போனாய். நாலு வருசம் கழித்து ஒரு பழைய ஜப்பான் மோட்டார் வாங்கினாய், நூறு சிசி, நீல டாங்கி, சாதாரண ரோட்டு மோட்டார். வேலைக்குப் போக வர அது போதும். உனக்குப் போதவில்லை. முடிவெட்டும் கடையில் ஒரு இங்கிலீஷ் சஞ்சிகையில், சேற்றில் பறக்கும் மோட்டாரின் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாய். மட்கார்டு தலைக்கு மேலே, டயரில் கட்டை கட்டையாகப் பல். பாதி முடியை வெட்டாமலே எழுந்து வந்து என்னிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினாய். அந்தக் கடைக்காரர் ஒரு மாசம் உன்னை முறைத்தார்.

அப்படி ஒரு மோட்டார் வாங்க உனக்கும் முடியாது, எனக்கும் முடியாது. இருக்கிற மோட்டாருக்கே டயரை மட்டும் மாற்றினால் என்ன என்று கேட்டாய். தார்ச் சடக்கிலும் ஓட வேண்டும், செம்மண் சேற்றிலும் ஓட வேண்டும். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மலையேற வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றேன். எனக்குத்தான் மீசையே இல்லையே என்றாய். அது பழமொழி, மீசையைப் பற்றின பேச்சில்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் நீ அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாய்.

வடக்கே கிரிக் ஊர்ப் பக்கம் மரம் வெட்டும் முகாமில் ஒரு மோட்டார் பாறையில் விழுந்து உடைந்து கிடந்தது. அதன் டயர் இரண்டையும் லாரி டிரைவர் ஒருவர் நமக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பல் பெரிதாக இருந்தாலும் நெருக்கமாக வைத்த பல். தாரில் ஓடினால் வழுக்காது, சேற்றில் போனால் கடிக்கும். இரண்டுக்கும் பொது. நீ முன்டயரை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் வைத்தாய். பவானி பேசாமல் எடுத்து வெளியே வைத்தாள்.

மாட்டுவது அவ்வளவு லேசாக இல்லை. முன்டயர் மட்கார்டில் இடித்தது. குழாயைத் துண்டு போட்டு ஆணிக்கடியில் கொடுத்து மட்கார்டை இரண்டு விரல்கடை தூக்கினோம். பின்டயர் செயின் மூடியில் உரசியது, மூடியையே கழற்றி எறிந்தோம். மோட்டார் உயர்ந்துபோய் ஸ்டாண்டு எட்டாமல் சாய்ந்து விழுந்தது. ஸ்டாண்டுக்கு அடியில் இரும்பு வைத்து ஒட்டினோம். டயர் பெரிதானதால் இழுவை குறைந்தது, முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்துப் போட்டோம். எட்டு ஞாயிறு போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் நீ, நான், நடுவில் மோட்டார், மத்தியானம் பவானி சமைத்த சோறு. வாழ்க்கையில் எனக்கு வேறு எந்த எட்டு ஞாயிறும் ஞாபகமில்லை.

அக்கம்பக்கத்தில் அதற்கு யானைக்கால் மோட்டார் என்று பேர் வைத்தார்கள். உனக்கு அந்தப் பேர் பிடித்துப்போய் டாங்கியில் பெயிண்டால் எழுதப் பார்த்தாய். பவானிதான் தூரிகையைப் பிடுங்கினாள்.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

முன்டயரை நாம் இரண்டு பேரும் சேர்ந்து, சோப்புத் தண்ணீர் பூசி, ரிம்மில் ஏற்றினோம். பின்டயரை ஏற்ற வேண்டிய ஞாயிறு நீ பவானியின் சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாய். நான் வரும்வரை தொடாதே, அதற்கு நாலு கை வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் தொட்டேன். நீ வரும்போது சக்கரம் தயாராக நிற்க வேண்டும், நீ வாயைப் பிளக்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் ஆசை. அந்த டயரின் விளிம்பு கல்லாக இருந்தது. சோப்பு வெயிலில் காய்ந்து காய்ந்து போனது. இரண்டு மணி நேரம் நெம்பியும் கடைசிச் சாண் உள்ளே போகவில்லை.

என்னிடம் ஒரு பால் டின் நிறைய ரப்பர் பால் இருந்தது. அமோனியா ஊற்றின பால், டின்னுக்குள் இருக்கும்வரை கட்டாது. சின்னத் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் வாங்கி வைத்திருந்தேன். காலில் போடும் சப்பாத்தின் அடி பிய்ந்தால் ஒட்டவும், கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்தால் துணியோடு வைத்து அடைக்கவும் ஆகும். கை ஈரமாக இருக்கும்போது பால் எவ்வளவு வழுக்கும் என்று பால் வாளி தூக்கின நமக்குத் தெரியாதா? பட்டணத்தில் பிறந்தவன் எவனுக்கும் அந்த யோசனை வந்திருக்காது. எனக்கு வந்தது. இரண்டு விளிம்பிலும் பாலைத் தாராளமாக ஊற்றிப் பூசி நெம்பினேன். டயர் வழுக்கிக்கொண்டு ஒரே தள்ளில் உட்கார்ந்தது.

சாயங்காலம் நீ வந்து பார்த்தாய். தனியாக எப்படிப் போட்டாய் என்று கேட்டாய். அதெல்லாம் கைப்பழக்கம் என்றேன். நீ என் முதுகில் தட்டி, இத்தனை நாள் உன்னை முட்டாள் என்று நினைத்துவிட்டேனே என்றாய். அந்தப் பாராட்டு எனக்குத் தித்தித்தது, மச்சான். அதனால் பாலைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒட்டும் சாமானை ஒருவன் வழுக்குவதற்குப் போடுவானா என்று அப்போது ஒரு நிமிசம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

பிறகு ஏழெட்டு மாசம் நாம் ஓட்டின ஓட்டம் உனக்கே தெரியும். தாரில் போகும்போது டயர் பாடும், நீயும் கூடப் பாடுவாய், இரண்டில் டயர் பரவாயில்லை. மண்ணில் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் விடுவோம், தாருக்கு வரும்போது பம்பால் அடிப்போம். மழைத் தாரில் வளைவு வந்தால் பின்சக்கரம் ஒதுங்கும். பின்னால் உட்கார்ந்திருக்கிற நான் முனீஸ்வரனைக் கூப்பிடுவேன். எத்தனை பேர் நின்று பார்த்தார்கள். ஆலையில் பலகை தூக்குகிறவனும் சிமெண்டு தூக்குகிறவனும் ஞாயிற்றுக்கிழமை ராஜாவாக இருந்தோம்.

அந்த நவம்பர் ஞாயிறு காலையில், நம் பழைய தோட்டத்தின் மேட்டு டிவிஷனுக்குப் போனோம். அப்போதே அங்கே ஆள் இல்லை, பால் வெட்டுவதை நிறுத்தி மரத்தைச் சாய்க்க விட்டிருந்தார்கள். தோட்டத்து டிராக்டரே திணறும் அந்தச் செம்மண் மேட்டில் ஏறிக் காட்ட வேண்டும் என்பது உன் ஆசை. முந்தின நாள் மழை. முதல் தடவை ஏறினாய். இரண்டாம் தடவையும் ஏறினாய். உச்சியில் நின்று கையைத் தூக்கிக் கத்தினது இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்றாம் தடவை பாதியில் முன்சக்கரம் வேரில் ஏறித் திரும்பி, ஹேண்டல் முனை உன் இடது விலாவுக்குக் கீழே குத்தி, நீ பக்கவாட்டில் விழுந்தாய்.

நான் ஓடி வந்து தூக்கினேன். சட்டையைத் தூக்கிப் பார்த்தோம். ஒரு காசளவு சிவப்பு, ரத்தம் ஒரு சொட்டு இல்லை. நீ சிரித்தாய். மோட்டாருக்குத்தான் அடி, எனக்கு இல்லை என்றாய். திரும்பி இறங்கும்போது கால் மைலில் பின்டயர் புஸ்ஸென்று உட்கார்ந்தது. மரத்தில் அடிக்கிற தகரப் பீலி ஒன்று, பால் வடிய வைப்போமே அது, சேற்றில் நட்டுக்கொண்டு நின்று டயருக்குள் முழுசாக இறங்கியிருந்தது.

அப்படியே ஓட்டிப் பார்த்தோம். அளவுக்கு மீறின டயர் அல்லவா, காற்று இல்லாமல் இரண்டு பக்கமும் பிதுங்கிச் செயினில் சிக்கியது. பரவாயில்லை, நம்மிடம் நெம்புக் கம்பி, ஒட்டு, பம்பு எல்லாம் இருந்தன. பத்து நிமிச வேலை. நீ ஒரு ரப்பர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாய். நான் சக்கரத்தைக் கழற்றி, டயர் விளிம்பில் குதிகாலை வைத்து மிதித்தேன்.

அசையவில்லை. மறுபடி மிதித்தேன். கல்லை வைத்துக் குத்தினேன். நெம்புக் கம்பியை நுழைக்க நுனி அளவு இடமில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மச்சான். பால் கட்டிப்போய், ரிம்மும் டயரும் ஒரே சாமானாக ஆகிவிட்டிருந்தன. அந்த நிமிசமே தெரிந்துவிட்டது. ஐந்து நிமிசம்கூட ஆகியிருக்காது.

நீ என்ன ஆச்சு என்று கேட்டாய். துரு பிடித்திருக்கிறது, வந்துவிடும் என்றேன். பாலை ஊற்றினேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய், ஊரைக் கூட்டிச் சொல்லுவாய், பால் வெட்டினவன் புத்தி என்று சாகும்வரை சொல்லிக் காட்டுவாய். அதற்காகச் சொல்லவில்லை. அவ்வளவு சின்னக் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று ஏழு வருசம் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து நீ சொன்னாய்.

“விடு மச்சான். மோட்டார் கெடக்கட்டும், நடந்துரலாம் லா. கம்பத்துல யாராச்சும் வேன் வச்சிருப்பாங்க.”

மலாய்க்காரர் ஊரான அந்தக் கம்பம் அரை மணி நடை. நீ அப்போது நடந்திருப்பாய். நான் பத்து நிமிசம் பொறு என்றேன். கம்பத்து ஆட்கள் வந்து அந்த டயரைப் பார்த்தால், யாராவது ஒருவன் கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்தேன். நானே கழற்றிவிட்டால் பாலைச் சுரண்டி எறிந்துவிடலாம். அதுதான் என் எண்ணம். பிறகு நீ, விழுந்தது வயிற்றில், வலி என்னமோ இடது தோளில் வருகிறது, வேடிக்கையைப் பார் என்றாய். நானும் சிரித்தேன். தண்ணீர் கேட்டாய், பாட்டிலைக் கொடுத்தேன். எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்று அப்போது கவனிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பாட்டில் காலியாக இருந்தது.

இரண்டாம் தடவையும் சொன்னாய், நடக்கலாம் என்று. அப்போது உன் குரல் இறங்கியிருந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரிம்மில் ஒரு விரல் நீளம் விட்டுவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். மூன்று மணி நேரம், மச்சான். உச்சி வெயிலாகிவிட்டது. மூன்றாம் தடவை நீ சொல்லவில்லை. சத்தம் இல்லையே என்று திரும்பினேன். நீ வேர்த்துப்போய், உதடு வெளுத்துப்போய், கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். உன் கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது.

அதற்குப் பிறகு ஓடினேன். எப்படி ஓடினேன் என்று சொல்லி என்ன ஆகப் போகிறது, தும்பை விட்டு வாலைப் பிடித்த ஓட்டம். கம்பத்தில் ஒரு பாக்சிக், வயசான மலாய்க்காரர், தன் வேனை எடுத்துக்கொண்டு, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வந்தார். கோலா கங்சார் போகிற வழியில் உன் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வேன் வரும்போது நீ இல்லை. உள்ளே மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம் என்றார் டாக்டர். எத்தனை மணிக்கு விழுந்தார் என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, இன்னும் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

பவானிக்கு நான் வேறு விதமாகச் சொன்னேன். மேட்டில் விழுந்தான், விழுந்ததும் மயக்கமாகிவிட்டான், வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, வண்டி கிடைக்க நேரமாயிற்று. மூன்று வயசு மீனாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “வலிச்சுச்சா அண்ணே?” இல்லை என்றேன். அந்த ஒரு பொய்யை மட்டும் சொல்லியிருந்தால் ஒருவேளை நீயே மன்னித்திருப்பாய். அந்தப் பொய்க்குப் பின்னால் நான் என்னை ஒளித்துக்கொண்டேன்.

மோட்டாரைத் தோட்டத்து லாரி ஒன்று வீட்டில் கொண்டுவந்து போட்டது. பின்கட்டில் சாக்கு போட்டு மூடி வைத்தேன். மாசம் ஒருமுறை போய் இன்ஜினை ஓடவிட்டுத் துடைத்து வைப்பேன். பஞ்சரை ஒட்டி விற்றுவிடலாமே அண்ணே என்று பவானி இரண்டு மூன்று தடவை கேட்டாள். இருக்கட்டும், அவன் ஞாபகமாக இருக்கட்டும் என்றேன். என் விசுவாசத்தைப் பார்த்து அவள் கண் கலங்கினாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். இல்லை, நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்கு அங்கே சோறு, தீபாவளிக்குச் சட்டை. உன் நினைவுநாள் படையலில் முதல் இலையை உனக்குப் போட்டுவிட்டு, இரண்டாவதை எனக்குப் போடுவாள். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

போன மாசம் ஃபேக்டரி பஸ் நின்றது. பவானி ஒருநாள் முடிவாகச் சொன்னாள், லைசென்ஸ் எடுத்துவிட்டேன், அவர் மோட்டாரை நானே ஓட்டப் போகிறேன், அந்தப் பல் டயர் வேண்டாம், மழையில் பயமாக இருக்கிறது, சாதா டயர் போட்டுக் கொடுங்கள் என்று. யாருக்கும் தெரியாமல், எனக்கும் தெரியாமல் லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். நீ இருந்தால் குதித்திருப்பாய். நான் ஒரு ஞாயிறு தள்ளினேன், இரண்டாவதும் தள்ளினேன். மூன்றாவது வாரம் சனிக்கிழமையே அவள் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் பின்னால் போனேன்.

டயர் கடை ஆ செங் முன்டயரை இரண்டு நிமிசத்தில் எடுத்துவிட்டான். பின்டயரில் மெஷினை வைத்து அழுத்தினான், வரவில்லை. சம்மட்டி, கடப்பாரை, எதற்கும் அசையவில்லை. இரும்பறுக்கும் வாளை எடுத்து டயரைச் சுற்றி அறுத்து, விளிம்பைத் துண்டு துண்டாகப் பிய்த்தான். ரிம் முழுக்க மஞ்சளாக, தோலாகப் படிந்து கிடந்தது. விரலால் தேய்த்து மோந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “சூசு கெத்தா லா இது! எந்த ஆளு ரப்பர் பால் ஊத்தி டயர் போட்டது?”

பவானி குனிந்து, அன்று நான் நெம்பின கீறல் தெரிந்த இடத்தில் அந்தத் தோலை நகத்தால் உரித்தாள். பதினாறு வயசிலிருந்து பால் வெட்டினவள், அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இழுத்துப் பார்த்தாள். நீண்டது, அறுபடவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

புது டயர் போட்ட மோட்டாரை அவள் ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டே வீடுவரை வந்தாள். நான் பின்னால் வந்தேன். இரண்டு மைல். வாசலில் ஸ்டாண்டு போட்டுவிட்டுத் திரும்பினாள்.

“டயரு கழலலைன்னதும், நடந்து போயிரலாம்னு அவரு சொன்னாரா?”

ஏழு வருசத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. இவ்வளவு நாள் உன்னோடு குடித்தனம் செய்தவள் அல்லவா, ஒரு இடத்தில் சும்மா உட்காருகிற ஆள் நீ இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

“சொன்னான்.”

“எத்தனை தடவ?”

“ரெண்டு தடவ.”

பிறகு கேட்காததையும் சொன்னேன். பால், வெட்கம், மூன்று மணி நேரம், தோள் வலி, தண்ணீர் பாட்டில். ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் அழவில்லை. அழுவாள், திட்டுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கிறவர்களிடம் திரும்பிப் போக ஒரு வழி இருக்கும்.

“வலிக்கலைன்னு சொன்னீங்க. அதை நம்பித்தான் இத்தனை வருசம் நான் தூங்கினேன்,” என்றாள். “இனிமே இங்க வராதீங்க,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சத்தமாகச் சாத்தவில்லை. எப்போதும் சாத்துகிற மாதிரிதான்.

அண்ணே என்று அவள் சொல்லவில்லை, மச்சான். வாசலில் திரும்பினதிலிருந்து கடைசி வார்த்தைவரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். உன் மோட்டாரில் அவள் போனாள். சத்தமே இல்லாத டயர். கால் தரையில் எட்டுகிறதா என்று பார்த்தேன், நன்றாக எட்டுகிறது. முதுகை நேராக வைத்துக்கொண்டு ஓட்டுகிறாள், வளைவில் நிதானமாகத் திரும்பினாள். என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. பார்த்திருந்தாலும் என் பக்கம் தலையைத் திருப்பியிருக்க மாட்டாள். அடுத்த நாளிலிருந்து நான் வேறு பஸ் ஸ்டாப்புக்குப் போகிறேன்.

இதை எழுதினால் மனசு லேசாகும் என்று லாரியில் ஒருவர் சொன்னார். ஆகவில்லை. நீ என்ன நினைத்தாய் மச்சான், அந்த மரத்தடியில்? டயர் கழலாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது உனக்குத் தெரிந்ததா? என் மானத்தைக் காப்பாற்றத்தான் மூன்றாம் தடவை கேட்காமல் இருந்தாயா, இல்லை, கேட்கத் தெம்பில்லையா? இரண்டில் எது என்று தெரிந்தாலும் எனக்கு ஒன்றும் மாறப் போவதில்லை. கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

ஒரு சத்தியம் மட்டும் செய்ய முடியும். இந்த நவம்பர் உன் படையலுக்கு நான் வர மாட்டேன். யாரையும் தூது அனுப்ப மாட்டேன், மன்னிப்புக் கேட்டு அவள் வாசலில் போய் நிற்க மாட்டேன். என்னை மன்னிக்கும் வேலையையும் அவள் தலையில் ஏற்ற மாட்டேன். மீனா பெரியவளாகி ஒருநாள் என்னைத் தேடி வந்து கேட்டால், அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு நிமிசத்தையும் குறைக்காமல் சொல்வேன்.

நாம் சிநேகிதத்தில் ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிட்டது வேறு. உன் கல்யாணத்தில் பவானிக்குப் பொரி போட அண்ணன் தம்பி இல்லையென்று பெரியவர்கள் கையைப் பிசைந்தபோது, அவளே என்னைக் காட்டி, அவரு போடட்டும் என்றாள். அன்றைக்கு அவள் கையில் பொரியை அள்ளிப் போட்டுத்தான் நான் உனக்கு நிஜ மச்சான் ஆனேன். அது நீ கொடுத்த முறை இல்லை, அவள் கொடுத்தது. அவளே எடுத்துக்கொண்டாள். வேறு எப்படியும் உன்னைக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை, அதனால்தான் கடிதம் முழுக்க அப்படியே எழுதிவிட்டேன். இந்த ஒருமுறை பொறுத்துக்கொள்.

உனக்கு மச்சானாக இருந்த,
கோவிந்தன்
புந்தோங், ஈப்போ